எமுலேட்டரில் (பழைய கேம் கருவியைப்போலவே கணினியை நடந்துகொள்ளச் செய்யும் மென்பொருளில்) விளையாடினால் பழைய வீடியோ கேம்கள் மீது உண்மையிலேயே ஈடுபாடு வருமா, அல்லது அது வெறும் சிறுவயது ஏக்கமா?

வரும். ஆனால் ஏக்கத்தால் வருகிற ஈடுபாடு ஒரு வாரத்துக்குத் தாங்காது என்பது என் கருத்து. பழைய கேமைத் திறப்போம், பழைய இசையைக் கேட்போம், கண் கலங்கும், மூடிவிடுவோம். நீடித்து நிற்பது வேறு வகைப் பித்து. இத்தனை சொற்பமான வசதியை வைத்துக்கொண்டு அந்தக் காலத்து கேம் பெட்டி எப்படி அவ்வளவு வித்தை காட்டியது என்று தெரியத் தெரிய வருவது அது. அதைத் தெரியவைக்கும் வேலையை எமுலேட்டர்தான் செய்கிறது.

நான் வளர்ந்தது ஊட்டி இந்து நகரில், ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் குடியிருப்பில். தொண்ணூறுகளில் எங்கள் வரிசையில் ஒரே ஒரு வீட்டில் ‘டிவி கேம்’ இருந்தது. நிண்டெண்டோ 1983-இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் கருவியின் நகல் அது. அசல் என்று ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. கேசட்டின் மேல் 9999999 கேம்கள் என்று அச்சடித்திருப்பார்கள். உள்ளே இருப்பவை சில, மற்றவையெல்லாம் அதே கேம்கள்தான், வேறு பெயரில், வேறு கட்டத்திலிருந்து தொடங்கும். அடிதடி எல்லாம் கான்ட்ரா என்ற சுடும் கேமுக்குத்தான். ஓர் உயிர் போனால் ஜாய்ஸ்டிக் கை மாற வேண்டும் என்பது சட்டம். அந்த வீட்டு அண்ணன் மட்டும் முதுகைக் காட்டி உட்கார்ந்து ஏதோ அழுத்திவிட்டு 30 உயிரோடு ஆடுவார். மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ. கொனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹஷிமோட்டோ என்பவர் 1986-இல் கிரேடியஸ் என்ற கேமைச் சோதித்துப் பார்க்கும்போது, அது தனக்கே கடினமாக இருந்ததால் வைத்துக்கொண்ட குறுக்கு வழி அது என்று பின்னாளில் படித்தேன். அது கான்ட்ராவுக்கும் வந்து, கடல் தாண்டி, மலையேறி, எங்கள் அண்ணன் கையில் குடியிருப்பு ரகசியமாகிவிட்டது.

மூன்றாவது கட்டமான அருவியைத் தாண்டி நான் போனதில்லை. மொத்தம் எட்டுக் கட்டங்கள் என்பதும், கடைசியில் துடிக்கும் இதயம் ஒன்றைச் சுட வேண்டும் என்பதும் கல்லூரி விடுதியில் யாரோ ஒருவனின் பென்டிரைவில் எமுலேட்டர் வந்தபோதுதான் தெரிந்தது. அன்று சந்தோஷத்தைவிடக் குழப்பம்தான் அதிகம். இசை ஏன் இப்படி அவசரமாக ஓடுகிறது?

காரணம் பிறகுதான் புரிந்தது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவி நொடிக்கு ஏறக்குறைய 60 முறை திரையைப் புதுப்பிக்கும். நம் நாட்டு டிவிக்கு அது 50. அந்தக் காலத்து கேம்கள் திரை புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் ஓர் அடி நகரும்படி எழுதப்பட்டவை; இசையும் அதே கணக்கில்தான் போகும். ஆகவே 50 முறை ஓடும்படி செய்த நகல் பெட்டிகளில் எல்லாமே ஆறில் ஒரு பங்கு மெதுவாகிவிடும். எங்கள் குடியிருப்பு முழுக்க முணுமுணுத்துத் திரிந்தது அந்த மெதுவான கான்ட்ரா இசையை. மெசன் என்ற இலவச எமுலேட்டரில் ‘டெண்டி’ என்று ஒரு தேர்வு இருக்கிறது. ரஷ்யாவில் 1992-இல் விற்பனைக்கு வந்த இதே மாதிரி நகல் பெட்டியின் பெயர் அது. அதைத் தேர்ந்தெடுத்தால் எங்கள் இசை திரும்ப வந்துவிடுகிறது. எவனோ ஒருவன் உட்கார்ந்து, அசல் கருவியை மட்டுமல்ல, அதன் திருட்டு நகலின் தாளத்தையும் அளந்து மென்பொருளாக எழுதியிருக்கிறான்! என் பித்து அங்கேதான் தொடங்கியது என்று சொல்ல வேண்டும்.

சரி, இதுவும் ஏக்கம்தானே என்று கேட்கலாம். அதற்கு என் அக்கா மகனைக் காட்டுகிறேன். எட்டாம் வகுப்புப் படிக்கிறான். அவனுக்கு நகல் பெட்டியும் தெரியாது, பெட்டி டிவியும் தெரியாது. போன நவம்பரில் வடகிழக்குப் பருவமழைக்குப் பள்ளி விடுமுறை விட்ட நாளில் என் மடிக்கணினியில் கான்ட்ரா ஆடினான். கொஞ்ச நேரத்தில் ஒரு கேள்வி: “மாமா, குண்டு நிறைய வந்தால் ஏன் மினுக்குகிறது?” நாங்கள் அந்த வயதில் அதற்கு வோல்டேஜ் குறைவு என்று தீர்ப்புச் சொல்லி ஸ்டெபிலைசரைத் தட்டுவோம். உண்மைக் காரணம் வேறு. அந்தக் கருவியால் திரையில் மொத்தம் 64 சிறு உருவங்களையும், ஒரே கிடைக்கோட்டில் 8 உருவங்களையும் மட்டுமே காட்ட முடியும். ஒன்பதாவது வந்தால் ஒன்று மறைந்தே ஆக வேண்டும். எப்போதும் ஒரே உருவம் மறைந்தால் ஆட்டமே கெட்டுவிடும் என்பதால், ஒவ்வொரு முறையும் வேறு வேறு உருவம் மறையும்படி நிரலை எழுதினார்கள். அந்த முறைமாற்றம்தான் மினுக்கல். எமுலேட்டரில் இந்த வரம்பை நீக்கிவிடும் வசதியும் உண்டு. நீக்கிக் காட்டினேன், மினுக்கல் போய்விட்டது. மறுபடி வரம்பைப் போடச் சொன்னான். ஏன் என்றதற்கு, “அதுதான் நியாயமாக இருக்கிறது” என்றான்.

பிறகு ஆட்டத்தை நிறுத்தி, உருவங்கள் அடுக்கியிருக்கும் சாளரத்தைத் திறந்து காட்டினேன். எட்டுக்கு எட்டுப் புள்ளிகளில் சின்னச் சின்னக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் நான்கு நிறம். 1985-இல் வந்த சூப்பர் மரியோ முழு கேமும் 40 கிலோபைட்டில் அடங்கிவிட்டது. அதில் வானத்து மேகமும் தரையிலிருக்கும் புதரும் ஒரே உருவம், நிறம் மட்டும் மாறும். அன்றிலிருந்து அவனுடைய கணக்கு நோட்டின் கட்டங்களெல்லாம் பூதங்களும் வீரர்களுமாக நிரம்பிக் கிடக்கின்றன. அக்கா என்னைத்தான் திட்டுகிறாள்.

அப்பாவின் குறை வேறு மாதிரி. இருட்டறையில் பிலிமுக்குப் பூச்சுப் பூசும் பிரிவில் வேலை பார்த்தவர். மடிக்கணினித் திரையைப் பார்த்ததும், “இது படமா? தரைக்கு ஓடு பதித்த மாதிரி இருக்கிறதே” என்றார். அவர் சொன்னது சரி. பழைய குழாய் டிவியில் ஒரு புள்ளியின் ஒளி பக்கத்துப் புள்ளியில் கொஞ்சம் கசியும். ஓவியர்கள் அந்தக் கசிவையும் கணக்கில் வைத்துத்தான் வரைந்தார்கள். 1991-இல் வந்த சோனிக் என்ற கேமில் முதல் கட்டத்து அருவியை இன்றைய திரையில் பார்த்தால் செங்குத்துக் கோடுகள்தான் தெரியும். அன்றைய டிவியில் கோடுகள் கலந்து, பின்னால் இருப்பது தெரியும் நீராகிவிடும். எமுலேட்டர்களை இயக்கும் ரெட்ரோஆர்ச் போன்ற மென்பொருள்களில் குழாய் டிவிபோலக் காட்டும் வடிகட்டிகள் இருக்கின்றன. ஒன்றைப் போட்டுக் காட்டியதும் அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரைக்குக் கிட்டே போய் நெடுநேரம் பார்த்தார். கேமை அல்ல, புள்ளிகளை.

இன்னொரு காரணம், நம் பக்கமே வராத கேம்கள். கான்ட்ராவின் ஜப்பானியப் பதிப்பில் கேசட்டுக்குள் கூடுதல் சிப் ஒன்று உண்டு. அதனால் காட்டில் மரங்கள் அசையும், பனிக் கட்டத்தில் பனி பறக்கும். ஜப்பானில் மட்டும் 2006-இல் வெளியான மதர் 3 கேமை ரசிகர்களே மொழிபெயர்த்து 2008-இல் ஆங்கிலத்தில் ஆட வைத்தார்கள். எமுலேட்டர் இல்லாமல் அதில் எத்தனை பேர் ஆடியிருக்க முடியும்?

ஆனால் எமுலேட்டர் ஈடுபாட்டைக் கெடுக்கவும் செய்யும். ஆயிரக்கணக்கான கேம்களை ஒரே தொகுப்பாக இறக்கி வைத்துக்கொள்பவர்கள் ஒன்றையும் ஆடுவதில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து மூடுவதிலேயே மாலை போய்விடும். நேரத்தைப் பின்னோக்கிச் சுற்றும் வசதியையும் நான் தொடுவதில்லை. அதை வைத்துக்கொண்டு கான்ட்ரா ஆடினால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், எதிரி எங்கிருந்து வருவான் என்பது மட்டும் மனத்தில் தங்காது. ஆட்டத்தை இருந்த இடத்தில் சேமிப்பது வேறு விஷயம். காற்றடித்து எங்காவது மரம் விழுந்து மின்சாரம் போகிற ஊரில் அது ஆடம்பரம் இல்லை.

சட்டம் பற்றியும் பலர் கேட்கிறார்கள். எமுலேட்டர் மென்பொருளே குற்றம் இல்லை. கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் மீது சோனி போட்ட வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000-இல் எமுலேட்டர் செய்தவர் பக்கம் தீர்ப்பளித்தது. கேம் கோப்புகள்தான் பதிப்புரிமைக்கு உட்பட்டவை, அவற்றை இணையத்தில் இறக்குவது சரியல்ல. கான்ட்ராவை 2019-இல் வந்த ஆனிவர்சரி தொகுப்பில் காசு கொடுத்தே வாங்கலாம், ஜப்பானியப் பதிப்பும் அதில் உண்டு. இப்படி எல்லா கேமும் கிடைப்பதில்லை என்பதுதான் சிக்கல். அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியானவற்றில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் கணக்குச் சொன்னது.

தொடங்குவதாக இருந்தால் ஒரே ஒரு கேமோடு தொடங்குங்கள். செல்போன் தொடுதிரையில் ஆடிவிட்டுப் பிடிக்கவில்லை என்று சொல்லாதீர்கள்; விரலுக்குப் பொத்தான் தட்டுப்படாமல் இந்த கேம்களில் ஒரு குழியைக்கூடத் தாண்ட முடியாது. மலிவான யுஎஸ்பி கேம்பேட் போதும். வாங்கும்முன் அதன் கூட்டல் குறிப் பொத்தானை மட்டும் அழுத்திப் பாருங்கள், ‘வலம்’ அழுத்தும்போது ‘மேல்’ சேர்ந்து அழுந்தினால் அதை வாங்க வேண்டாம்.