மூன்று பட்டர்கப் தாள்கள், 7,500 ரூபா

கேள்வி: நான் திருகோணமலை உப்புவெளியில் வசிக்கும் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை. ‘ஐரோப்பியக் காட்டு பட்டர்கப், மூன்று இனங்கள்’ என்று விளம்பரம் செய்த இணைய விற்பனையாளர் ஒருவரிடம் கடந்த மாதம் மூன்று உலர்தாவரத் தாள்களை (செடியை அழுத்தி உலர்த்தி ஒட்டிய தாள்கள்) 7,500 ரூபாவுக்கு வாங்கினேன். எனக்கோ மூன்றும் ஒரே செடியாகத்தான் தெரிகின்றன. படங்களை இணைத்துள்ளேன். ஏமாந்துவிட்டேனா? மாரி தொடங்குமுன் இவற்றை லமினேற் செய்து வைக்கலாமா?

பதில்: பட்டர்கப் என்பது பெரும்பாலும் மஞ்சள் பூப் பூக்கும் ரனன்குலஸ் பேரினத்தின் ஆங்கிலப் பெயர். உங்கள் தாள்களில் இருப்பது அந்தப் பேரினம்தானா என்பதைப் பூவை வைத்தே அறியலாம். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வோர் அல்லியிதழின் அடியிலும் சிறு செதில் மூடிய தேன்குழி தெரியும். கேசரங்கள் (மகரந்தம் தாங்கும் இழைகள்) ஏராளமாக இருக்கும். நடுவே ஒன்றோடொன்று ஒட்டாத பல சூல்வித்திலைகள் (பின்னர் காயாகும் பெண் உறுப்புகள்) குவிந்து நிற்கும். நம் மணற்றரையில் படரும் நெருஞ்சிக்கும் ஐந்து மஞ்சள் இதழ்கள் உண்டு. ஆனால் அதற்குக் கேசரங்கள் பத்துத்தான், இலையும் புளியிலை போன்ற கூட்டிலை. உங்கள் படங்களில் இருப்பது நெருஞ்சி அன்று.

ஆனால் இனத்தைப் பிரித்தறியப் பூ மட்டும் போதாது. ஐரோப்பாவில் பரவலாகக் காணப்படும் மூன்று பட்டர்கப் இனங்களில், ரெபென்ஸ் நிலத்தில் ஓடுதண்டு விட்டுப் படரும். பல்போசஸின் தண்டடி கிழங்குபோல் தடித்திருக்கும், அதன் புல்லியிதழ்கள் (பூவின் அடியிலுள்ள பச்சை இதழ்கள்) பூக்காம்பை நோக்கிக் கீழே மடிந்திருக்கும். அக்ரிஸுக்கு இவை எதுவும் இல்லை, பூக்காம்பிலும் மற்ற இரண்டிலும் உள்ள வரிப்பள்ளம் இருக்காது. உங்கள் மூன்று செடிகளோ தண்டின் நடுவிலேயே வெட்டப்பட்டு, புல்லியிதழ்கள் மறையும்படி பூ மேல்நோக்கி ஒட்டப்பட்டிருப்பதால், எந்த அடையாளங்களைக் கொண்டு இனத்தைச் சொல்ல வேண்டுமோ அவற்றில் முக்கியமானவை தாளில் தெரியவில்லை. சேகரித்த இடம், திகதி, சேகரித்தவர் பெயர் என்பவை எழுதிய சிட்டையும் இல்லை. சிட்டை இல்லாத தாளைச் சுவரில் மாட்டலாம். சேகரிப்பில் சேர்க்கும் பொருளுக்குரிய விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது என்பதே என் கருத்து. இனி வாங்கும்போது வேரடியின் படத்தையும் சிட்டையின் படத்தையும் பார்த்த பிறகே பணம் அனுப்புங்கள். (நம் மலைநாட்டிலும் ரனன்குலஸ் உண்டு, அம்பு வடிவ இலைகொண்ட சஜிற்றிபோலியஸ் இலங்கைக்கே உரியது. ஆனால் ஹோட்டன் சமவெளி தேசியப் பூங்காவில் பறித்ததாகச் சொல்லி எவராவது விற்றால் வாங்காதீர்கள். அங்கு செடி பறிப்பது சட்டவிரோதம்.)

மூன்று இனங்கள் என்று விளம்பரம் செய்துவிட்டு அதைக் காட்ட முடியாத பொருளைக் கொடுத்திருப்பதால், முதலில் பணத்தைத் திருப்பிக் கேட்டு விற்பனையாளருக்கு எழுதுங்கள். அவர் மறுத்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு செய்யலாம். விளம்பரத்தின் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷொட்), பணம் செலுத்திய பற்றுச்சீட்டு, தாள்களின் படங்கள் ஆகியவற்றை இணையுங்கள். முறைப்பாடு முடியும்வரை தாள்களில் எதையும் மாற்ற வேண்டாம்.

லமினேற் எப்போதுமே வேண்டாம். சூடு செடியைக் கெடுக்கும். ஈரம் உள்ளே அடைபடும். பிறகு ஒருவரும் இதழைப் புரட்டிப் பார்க்க முடியாது. செலோரேப்பும் நாளடைவில் மஞ்சளாகிப் பிசுபிசுக்கும். நூலால் தைப்பதோ அமிலமற்ற கடதாசிக் கீற்றால் கட்டுவதோ நல்லது. உதிர்ந்த இதழ்களையும் காய்களையும் வீசாமல் சிறு கடதாசி உறையிலிட்டு அதே தாளில் ஒட்டுங்கள். வெளிச்சம் மஞ்சளை வெளிறச் செய்யுமாதலால் தாள்கள் பெட்டிக்குள் இருக்கட்டும்.

திருகோணமலையில் பெரிய எதிரிகள் ஈரமும் வண்டும். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் இறுக்கமாக மூடும் பெட்டியில் சிலிக்கா ஜெல்லுடன் வையுங்கள். சிறு துளைகளோ தூளோ கண்டால், தாளைப் பொலித்தீனில் காற்றுப் புகாமல் சுற்றி, பூச்சியத்துக்குக் கீழ் 18 பாகை செல்சியஸ் குளிரில் இரண்டு வாரம் உறைபெட்டியில் வைக்கலாம். வெளியே எடுத்தவுடன் உறையைப் பிரிக்காதீர்கள். நம் காற்றின் ஈரம் குளிர்ந்த தாளில் நீர்த்துளியாகப் படிந்துவிடும். ஒரு நாள் அப்படியே விட்டு, உறை அறைச் சூட்டுக்கு வந்த பின் பிரியுங்கள்.