டல்ஹௌசி குடும்பத்தில் மார்க்வெஸ் பட்டம் எங்கே போனது?

உங்கள் டல்ஹௌசி வம்சாவளி அட்டவணையில் 10வது ஏர்லும் முதல் மார்க்வெஸும் (இரண்டும் பிரிட்டிஷ் பிரபுப் பட்டங்கள், மார்க்வெஸ் ஏர்லுக்கு மேல்) ஒரே ஆளா, 1860க்குப் பிறகு மார்க்வெஸ் என்று யாருமே இல்லையே, பட்டத்தைப் பறித்துவிட்டார்களா என்று கேட்டிருந்தீர்கள். ஒரே ஆள்தான். நம் பாடப்புத்தகத்தில் வருகிற அதே கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி பிரபு. பட்டத்தை யாரும் பறிக்கவில்லை.

டல்ஹௌசியின் ராம்சே குடும்பத்துக்கு ஏர்ல் பட்டம் 1633இல் ஸ்காட்லாந்து அரசின் பட்டமாக வந்தது. மார்க்வெஸ் பட்டம் 1849இல், பஞ்சாபை இணைத்துக்கொண்டதற்காக, இவருக்கென்றே புதிதாகத் தந்தது. அதன் முழுப் பெயரிலேயே 'டல்ஹௌசி கோட்டை மற்றும் பஞ்சாப்' என்று இருக்கும். மகாராஜா துலீப் சிங்கின் நாட்டைப் பிடுங்கி, அந்தப் பெயரையே பட்டத்திலும் சூட்டிக்கொண்டதைப் படிக்கும்போது இன்றும் மனசு கொதிக்கிறது.

புதிய பட்டம் அவருடைய நேரடி ஆண் வாரிசுக்கு மட்டும்தான். அவருக்கு இரண்டும் பெண்கள். 1860 டிசம்பரில் அவர் இறந்ததும் அது அற்றுப்போனது. ஏர்ல் பட்டம் பழையது, மூதாதையர் வழி வந்த ஆண் உறவினருக்கும் போகும். அதனால் 8வது ஏர்லின் பேரன் ஃபாக்ஸ் மால் 11வது ஏர்ல் ஆனார். குடும்பப்பெயர் வேறாக இருப்பதைப் பார்த்துக் குழம்பாதீர்கள். அவருடைய அப்பா, மால் குடும்பத்தின் பன்மூர் சொத்து கைக்கு வந்தபோது மால் என்ற பெயரை எடுத்துக்கொண்டவர். ஃபாக்ஸ் மாலும் பிள்ளையில்லாமல் 1874இல் இறக்க, ஏர்ல் பட்டம் கடற்படைக்காரரான ஜார்ஜ் ராம்சேயிடம் போனது.

அட்டவணையில் இரண்டு பட்டங்களுக்கும் தனித்தனிக் கோடு போடுங்கள். மார்க்வெஸ் பட்டத்துக்கான கோடு 1860இல் நின்றுவிடட்டும்.