அக்கா நடத்திய சீட்டு

மேடம், வணக்கம். எங்கள் தெரு அக்கா ஒருவர் பல வருஷமாக ஏலச்சீட்டு நடத்தி வந்தார். என் பிரசவத்தின்போது ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தவர். அவரை நம்பி இரண்டு லட்ச ரூபாய்ச் சீட்டில் சேர்ந்தேன். பாதியிலேயே ராத்திரியோடு ராத்திரியாக வீட்டைக் காலி செய்துவிட்டார். போனும் சுவிட்ச் ஆஃப். அதிலிருந்து யாரையும் நம்ப முடியவில்லை. பக்கத்து வீட்டில் குழம்பு கொடுத்தால்கூட 'எதற்குக் கொடுக்கிறார்கள்' என்று தோன்றுகிறது. மகளை எங்கேயும் விளையாட அனுப்புவதில்லை. எனக்கு மனசு கெட்டுவிட்டதா, இல்லை, இப்போதுதான் புத்தி வந்திருக்கிறதா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

அன்புத் தோழி,

முன்பின் தெரியாதவர் ஏமாற்றியிருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு மறந்திருப்பீர்கள். இவர் பிரசவத்துக்குத் துணை நின்றவர். அந்த அன்பு நிஜமாகவே இருந்திருக்கலாம். பலபேர் பணத்தைக் கையாளும் பொறுப்பு வேறு.

முதல் மாசமே சீட்டு எடுத்தவர், மீதித் தவணையைக் கட்டாமல் நின்றுவிடலாம். ஆனாலும் பெரும்பாலும் கட்டிவிடுகிறார்கள். நாளைக்கும் அதே தெருவில் முகம் பார்க்க வேண்டுமே! ஊரை விட்டே போகத் துணிந்த ஆளை அது கட்டிப்போடாது. அதற்காகத்தான் 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி சீட்டைப் பதிவு செய்ய வேண்டும், நடத்துபவர் பிணையும் வைக்க வேண்டும். 'அக்காவிடம் போய் இதையெல்லாம் எப்படிக் கேட்பது' என்ற கூச்சம் நம் எல்லாருக்கும் உண்டு.

ஜப்பானியச் சமூக உளவியலாளர் தோஷியோ யமகிஷியின் ஆய்வுகளில் ஒரு சுவாரஸ்யம்: பொதுவாகப் பிறரை நம்புகிறவர்கள்தான், யார் ஏமாற்றுவார் என்பதற்கான அறிகுறிகளைக் கூர்மையாகக் கவனிக்கிறார்கள். பழகினால்தானே ஆளை எடைபோட வரும்? தெருவே உங்களைப் போல ஒதுங்கிவிட்டால், அவசரத்துக்குக் கைமாற்றுகூடக் கிடைக்காது. வட்டிக்காரரிடம்தான் போய் நிற்க வேண்டும்.

சரி, குழம்பை வாங்கிக்கொள்ளுங்கள். மகளைத் தெரிந்த வீட்டுக்கு ஒரு மணி நேரம் அனுப்பி, நீங்களே போய் அழைத்து வாருங்கள். பணம் என்றால் மட்டும், அண்ணன் தம்பியே ஆனாலும் ரசீது. அப்புறம், சீட்டு நோட்டு, ஜிபே ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, பணம் போட்ட மற்றவர்களோடு சேர்ந்து போலீஸில் புகார் கொடுங்கள். தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால், மனநல மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.