காசு கொடுத்து வாங்கிய படம் யாருக்குச் சொந்தம்? (வாசகர் கேள்வி-பதில்)

கேள்வி: பழைய தமிழ்ப் படம் ஒன்றை ஒரு செயலியில் ‘வாங்கு’ என்ற பொத்தானை அழுத்திப் பணம் செலுத்தி வாங்கினேன். சென்ற மாதம் குடும்பத்தோடு பார்க்க உட்கார்ந்தபோது, ‘இந்தப் படம் தற்போது கிடைக்கவில்லை’ என்று வந்தது. விற்ற பொருளை அவர்களே திரும்ப எடுத்துக்கொள்ளலாமா? (வாசகர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்)

பதில்: கடையில் டிவிடி வாங்கினால் அந்தத் தகடு உங்களுடையது. செயலியில் நீங்கள் பெறுவது படம் அன்று, அதைப் பார்ப்பதற்கான அனுமதி மட்டுமே. அந்த நிறுவனமே படத்தின் உரிமையாளரிடமிருந்து சில ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் போட்டுத்தான் படத்தைக் காட்டுகிறது. அந்தக் கெடு முடிந்து, புதுப்பிக்கப்படாவிட்டால் படம் மறைந்துவிடும். இப்படி நேரலாம் என்று நிபந்தனைகளில் எங்கேயாவது ஒரு வரி இருக்கும். நாம் படிக்காமலே ‘சம்மதம்’ என்று தட்டியிருப்போம்.

அதனால் நியாயம் முழுக்க அவர்கள் பக்கம் என்று எண்ணிவிட வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, வாங்குபவருக்குத் தெரிய வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் சேவைக் குறைபாடு என்றே சொல்கிறது. ‘வாங்கு’ என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, எப்போது வேண்டுமானாலும் நீக்கப்படலாம் என்பதை அந்தப் பக்கத்தில் சொல்லாமல் விட்டிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்க உங்களுக்கு வலுவான காரணம் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

பணம் கட்டியதற்கான ரசீது மின்னஞ்சலையும், இப்போது வரும் அறிவிப்பின் ஸ்கிரீன்ஷாட்டையும் பத்திரப்படுத்திக்கொண்டு, அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020ஆம் ஆண்டின் மின் வணிக விதிகள் டிஜிட்டல் பொருள்களுக்கும் பொருந்தும். அவற்றின்படி புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். நிறுவனத்தின் தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தில் வழக்குப் போடச் சட்டம் இடம் தருகிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் கிடையாது. வழக்கறிஞர் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் செய்ய வேண்டும் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

கேள்வி: நம் சேலத்துப் படப்பிடிப்பு நிறுவனமான மாடர்ன் தியேட்டர்ஸ் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படங்கள் என்றால் என் அப்பாவுக்கு உயிர். அவருக்காகவே ஓர் ஓடிடி தளத்தில் சந்தா கட்டினேன். ‘முழுப் படம்’ என்று போட்டிருந்த ஒன்றில் இரண்டு பாட்டுகளைக் காணோம் என்கிறார். நடனக் காட்சியில் ஆடுபவரின் பாதமே தெரியவில்லை. புகார் செய்ய முடியுமா? (வாசகி, கன்னங்குறிச்சி)

பதில்: ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவாயில் வளைவைப் பார்த்துக்கொண்டே போய் வருகிற நம் ஊர்க்காரர்களுக்கு, இங்கே எடுத்த படங்களை முழுமையாகப் பார்க்கும் ஆசை இருப்பது இயல்பே. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படத்தை 1956இல் தந்த நிறுவனம் அல்லவா அது!

நீங்கள் சொல்பவை இரண்டு தனித்தனிக் குறைகள். பாதம் தெரியாததற்கு முதலில் உங்கள் தொலைக்காட்சியையே சோதியுங்கள். அந்தக் காலத்துப் படங்கள் ஏறக்குறைய 4:3 என்ற அளவில், சதுரத்தை ஒட்டிய சட்டத்தில் எடுக்கப்பட்டவை. இன்றைய அகலத் திரையில் அவற்றைச் சரியாகக் காட்டினால் இடமும் வலமும் கறுப்புப் பட்டை விழும். ‘ஜூம்’ வைத்திருந்தால் பட்டை மறையும், கூடவே மேலும் கீழுமாகப் படத்தில் நாலில் ஒரு பங்கு போய்விடும். அண்மைக் காட்சியில் நெற்றி வெட்டுப்படுவதும் ஆட்டத்தில் சலங்கை மறைவதும் இதனால்தான். அமைப்பை ‘ஒரிஜினல்’ என்று மாற்றியும் பாதம் தெரியாவிட்டால், வெட்டு அந்தத் தளத்தில் உள்ள பிரதியிலேயே இருக்கிறது.

பாட்டு விடுபட்டதை நிரூபிக்க ஒரு நல்ல வழி உண்டு. படத்தின் தொடக்கத்தில் தணிக்கைச் சான்றிதழ் காட்டப்பட்டால், அங்கே நிறுத்தி நீளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 35 மி.மீ. பிலிம் ஒரு நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 15,000 அடி என்றிருந்தால் ஏறத்தாழ 2 மணி 46 நிமிடம் வர வேண்டும். நீளம் மீட்டரில் இருந்தால் நிமிடத்துக்கு 27.4 என்று கணக்கிடுங்கள். டிவிடிக்காக மாற்றிய பிரதிகள் சில, நொடிக்கு 24 படச்சட்டங்களுக்குப் (ஃபிரேம்) பதில் 25 என்ற வேகத்தில் ஓடுவதால், ஆறேழு நிமிடம் குறைவதில் வெட்டு எதுவும் இல்லை. இருபது நிமிடம் குறைந்தால் சந்தேகமே வேண்டாம். அப்பாவிடம் அந்தப் படத்தின் பாட்டுப் புத்தகம் இருந்தால் இன்னும் நல்லது. திரையரங்கில் விற்ற அந்தச் சிறு புத்தகத்தில் பாடல்கள் வரிசையாக இருக்கும், ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.

மறு வெளியீடுகளில் ஓடித் தேய்ந்த படச்சுருளில் பாட்டுகளே போய்விட்டதும் உண்டு. எஞ்சிய பிரதி அவ்வளவுதான் என்றால் அதைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் அதை ‘முழுப் படம்’ என்று சொல்லிச் சந்தா வாங்குவது மக்களைத் தவறாக வழிநடத்தும் விளம்பரமே. தளத்தின் குறைதீர் அலுவலருக்கு நிமிடக் கணக்கோடு எழுதுங்கள். விடுபட்ட பாட்டுகளின் முதல் அடிகளையும் குறிப்பிட்டால், மழுப்பலான பதில் அனுப்புவது அவர்களுக்குக் கடினமாகிவிடும்.

கேள்வி: எங்கள் வீட்டில் கைபேசி இணைப்பு மட்டுமே உண்டு, அதுவும் மழை நாளில் தடுமாறும். புதுப் படங்களுக்காக 4கே திட்டத்துக்கு மாறலாமா? (வாசகர், நாகலூர், ஏற்காடு)

பதில்: வேண்டாம். 4கே தரத்தில் ஒரு மணி நேரம் பார்க்க 7 ஜிபி வரை ஆகும். எச்டி தரத்துக்கே 3 ஜிபி வேண்டும். நாளொன்றுக்கு 2 ஜிபி தரும் கைபேசித் திட்டத்தில், கட்டிய கூடுதல் பணத்துக்குப் பலன் கிடைக்காது. சேலத்துக்கு இறங்கும் நாளில் நல்ல வைஃபையில் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். அப்படி இறக்கியதற்கும் கெடு உண்டு என்பதால், மலையேறிய கையோடு பார்த்துவிடுவது நல்லது.

வேண்டாத சந்தாவை நிறுத்துவது பற்றியும் ஒரு வார்த்தை: செயலியை அழித்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். போதாது, பணம் தானாகப் போய்க்கொண்டே இருக்கும். ரிசர்வ் வங்கி விதிப்படி, பிடித்தம் செய்வதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பாக உங்களுக்கு அறிவிப்பு வர வேண்டும்; அது வந்ததும் வங்கியிலோ யுபிஐ செயலியின் ஆட்டோபே பகுதியிலோ ஒப்புதலை ரத்து செய்துவிடுங்கள்.