பயம் இருந்தால் அழைப்பு இல்லையா?

பிரதர், கிராம ஊழியத்தில் மிரட்டல், சம்பளமும் பாக்கி, 'இவ்வளவு பயப்படுகிறேனே, ஊழியத்துக்குத் தேவன் தரும் அழைப்பே எனக்கு இல்லையோ?' என்று கேட்டிருந்தீர்கள். பயத்தையும் அழைப்பையும் முடிச்சுப் போடாதீர்கள்.

வேதத்தில் 1 இராஜாக்கள் 19-ஐப் பாருங்கள். யேசபேல் ராணிக்குப் பயந்து ஓடிய எலியா தீர்க்கதரிசி, சூரைச்செடியின் கீழ் சாவைக் கேட்கிறார். தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, இரண்டு தடவை எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். நீங்களும் முதலில் ஒழுங்காகச் சாப்பிட்டுத் தூங்குங்கள். (ஊழியக்காரரிடம் இதைச் சொன்னால் கோபம்தான் வரும்!)

ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவை 1708 கடைசியில் தரங்கம்பாடிக் கோட்டையில் அடைத்தது டேனிஷ் தளபதி, அதாவது கிறிஸ்தவரே. நாலு மாதச் சிறைக்குப் பிறகும் 1711-இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை முடித்தார்.

அப்புறம், மிரட்டலைச் சேகரத் (சபை வட்டாரத்) தலைவருக்கு எழுத்தில் கொடுங்கள். இரவுக் கூட்டத்துக்குத் தனியாகப் போக வேண்டாம். பாக்கியைக் கேட்பது அவிசுவாசம் இல்லை, கேளுங்கள்.