கேள்வி – பதில்: களிமண்ணில் எழுதிய நீதி

உலகின் முதல் சட்டத் தொகுப்பு ஹம்முராபியுடையதுதானே?

இல்லை. அவர் இன்றைய ஈராக்கில் இருந்த பாபிலோனை ஆண்டது கி.மு. 1792 முதல் 1750 வரை. அதற்கு ஏறக்குறைய 300 ஆண்டுகள் முன்பே அதே பகுதியில் ‘ஊர்’ என்ற பெயருடைய நகரத்தின் மன்னன் ஊர்-நம்முவின் பெயரால் சுமேரிய மொழியில் ஒரு தொகுப்பு இருந்தது. இசின் நகர மன்னன் லிபித்-இஷ்தாரின் சட்டமும் ஹம்முராபிக்கு முந்தையதே. அவற்றுக்குக் கிடைத்தவை உடைந்த களிமண் ஏடுகள், ஹம்முராபிக்கோ 2.25 மீட்டர் உயரக் கருங்கல். புகழுக்குக் காரணம் அந்தக் கல்தான். இன்றைய ஈரானில் இருந்த ஈலம் நாட்டு மன்னன் போர்க் கொள்ளையாக அதைத் தன் நகரமான சூசாவுக்குக் கொண்டுபோனான். 1901-02இல் அங்கேதான் தோண்டி எடுத்தார்கள். இப்போது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. எல்லாரும் சொல்லும் 282 என்ற எண்ணிக்கை பாபிலோனியர் போட்டதல்ல, கல்லைப் படித்துப் பதிப்பித்தவர் பிரித்து இட்டது. கல்லின் கீழ்ப்பகுதியில் சில பத்திகள் செதுக்கி அழிக்கப்பட்டிருப்பதால், அங்கிருந்த விதிகள் சிலவற்றை ஏட்டுப் பிரதிகளிலிருந்து நிரப்பியிருக்கிறார்கள்.

‘கண்ணுக்குக் கண்’ எல்லாருக்கும் பொதுவா?

உயர்குடிக்காரன் தன் நிகரான ஒருவனின் கண்ணைக் கெடுத்தால்தான் கண் போகும். சாமானியனின் கண் என்றால் ஒரு மினா வெள்ளி, அதாவது சுமார் அரைக் கிலோ. அடிமையின் கண் என்றால் அவன் விலையில் பாதி, அதுவும் எஜமானுக்கு. பழிவாங்கலில் தொடங்கி அபராதத்துக்கு முன்னேறியது சட்டம் என்று பலர் எழுதுகிறார்கள். இங்கே நடந்தது தலைகீழ்: முந்தைய ஊர்-நம்மு சட்டத்தில் கண்ணுக்கு அரை மினா வெள்ளி அபராதம் மட்டுமே.

ஆற்றுக்கும் சட்டத்துக்கும் என்ன தொடர்பு?

வெள்ளம் வரும் மாதத்தில் இருக்கிறது விடை. நைல் கோடையில் பெருகி, வடிந்த பிறகு விதைப்பு. டைகிரிஸும் யூப்ரடீஸும் பெருகுவதோ வசந்தத்தில், பார்லி அறுவடைக்கு நிற்கும் நேரத்தில். அதனால் இந்த இரண்டு ஆறுகளை நம்பியிருந்த மெசபடோமிய விவசாயிக்குக் கரையும் வாய்க்காலும் உயிர்நாடி. ஒருவர் கவனக்குறைவு பக்கத்து வயலை மூழ்கடிக்கும்.

ஹம்முராபியின் 53 முதல் 56 வரையான விதிகள் இதற்கென்றே எழுதியவை. தன் கரையைப் பலப்படுத்தாமல் சோம்பியிருந்தவனின் பக்கம் உடைப்பு ஏற்பட்டால், அழிந்த தானியத்தை அவனே ஈடு செய்ய வேண்டும். வக்கில்லையென்றால் அவனையும் உடைமைகளையும் விற்று, பயிர் இழந்தவர்கள் பங்கிட்டுக்கொள்வார்கள். பாசனத்துக்கு மடையைத் திறந்துவிட்டு மறந்தவன் அண்டை வயலின் விளைச்சலை அளந்து கொடுக்க வேண்டும்.

ஆனால் 48ஆம் விதி இரக்கமுள்ளது. புயல்வெள்ளத்தாலோ தண்ணீரில்லாமலோ பயிர் போனால், கடன் வாங்கியவன் அந்த ஆண்டு தானியம் தர வேண்டாம், வட்டியும் கிடையாது. கடன் ஏட்டை நனைத்துவிடலாம். களிமண் என்பதால் நனைத்தால் எழுத்தைத் திருத்தலாம் அல்லவா! ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அக்கால வழக்கு ஏடுகள் ஏராளம் கிடைத்தும், நீதிபதிகள் இந்தக் கல்லை மேற்கோள் காட்டுவதை அவற்றில் காண்பது அரிது.

நனைத்தால் திருத்தலாம் என்றால், மோசடி செய்வதும் எளிதுதானே?

அதற்குத்தான் களிமண் உறை. ஈர ஏட்டில் நாணல் முனையால் ஆப்பு வடிவ எழுத்துகளை அழுத்தி, தொகை, தவணை, சாட்சிகளின் பெயர்களை எழுதுவார்கள். பிறகு அதை மெல்லிய களிமண் உறையால் மூடி, மேலே அதே ஒப்பந்தத்தை மறுபடி எழுதி, உருளை முத்திரைகளை உருட்டுவார்கள். வெளி எழுத்தில் தகராறு வந்தால் நீதிபதி முன்னிலையில் உறையை உடைத்து உள்ளேட்டைப் படிக்க வேண்டியதுதான். திருட்டுத்தனமாக உடைத்துப் புது உறை போடலாமே என்றால், அது கஷ்டம். காயும்போது களிமண் சுருங்கும். ஏற்கெனவே காய்ந்துவிட்ட உள்ளேடு சுருங்காது. புது உறை வெடித்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

எகிப்தில்?

ஹம்முராபியுடையது போன்ற தொகுப்பு கிடைக்கவில்லை. ‘மாஅத்’ என்னும் நீதி நெறியும் உள்ளூர் மன்றங்களும் இருந்தன. மூன்றாம் ராம்சேஸின் 29ஆம் ஆட்சியாண்டில், கூலித் தானியம் தாமதமானதால் கல்லறைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திய செய்தி பப்பைரஸ் என்னும் நாணல் தாளில் பதிவாகியிருக்கிறது.

சிந்துவெளியில் சட்டமே இல்லையா?

எழுத்து இன்னும் படிக்கப்படவில்லை. படித்தாலும் சட்டப் புத்தகத்தை எதிர்பார்க்காதீர்கள்: பெரும்பாலான பொறிப்புகளில் சுமார் ஐந்து குறிகளே உள்ளன. விதிகளைத் தேட வேண்டிய இடம் எடைக்கற்கள். கனசதுரமாக அறுத்த செர்ட் என்னும் கடினக் கற்கள், சிறியவை 1, 2, 4, 8, 16 என இரட்டித்துப் போகும். பரவலாகக் கிடைப்பது சுமார் 13.7 கிராம். சுட்ட செங்கல்லுக்கும் பருமன், அகலம், நீளம் 1:2:4. ஹரப்பாவிலும் பல நூறு கிலோமீட்டர் தள்ளியுள்ள லோத்தலிலும் ஒரே அளவைமுறை.