செப்டிக் டேங்க் லாரியை வயலுக்குள் விடலாமா?

கேள்வி: ஆனேக்கல் தாலுக்காவில் சர்ஜாபுரம் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. தண்டுக்கீரை, கொத்தமல்லி, கொஞ்சம் ராகி, இரண்டு கறவை மாடு. அபார்ட்மெண்ட்களில் செப்டிக் டேங்க் இழுக்கிற லாரிக்காரர் இலவச எரு என்று சொல்லி இரண்டு லோடு ஊற்றிவிட்டுப் போனார். ஒன்று காலிப் பாத்தியில், இன்னொன்று ஓரத்துக் குழியில். அதிலிருந்து களை எடுக்கும் பெண்களுக்குக் கால் அரிப்பு. பள்ளத்தில் இருக்கும் காலனிக்காரர்கள் நாற்றம் தாங்கவில்லை என்று சண்டைக்கு வருகிறார்கள். அந்தக் காலத்தில் எல்லாரும் போட்ட எருதானே, இதில் என்ன தப்பு?

பதில்: அம்மா, அந்த லாரியை இனி உள்ளே விடாதீர்கள். வந்துவிட்ட இரண்டு லோடை என்ன செய்வது என்று சொல்கிறேன். அதற்கு முன் அந்தக் காலத்து எருவைப் பற்றிக் கேட்டீர்களே, அதில் நியாயம் இருக்கிறது.

மனிதக் கழிவு நல்ல எருதான். அதில் நம் பெங்களூருக்குத் தனிப் பெயரே உண்டு. 1939இல் இங்கே இந்திய அறிவியல் கழகத்தில் சி. என். ஆச்சார்யா, ஊர்க் குப்பையையும் மலத்தையும் குழியில் அடுக்கி மட்கவைக்கும் முறையை வகுத்தார். இன்றும் விவசாயப் பாடத்தில் அதற்குப் ‘பெங்களூர் முறை’ என்றுதான் பெயர். குப்பை அரை அடி, அதன்மேல் கழிவு இரண்டு அங்குலம், மறுபடி குப்பை. இப்படியே நிரப்பி, மேலே மண் மூடி, ஆறிலிருந்து எட்டு மாதம் விட்டுவிடுவார்கள். உங்கள் பாத்தியில் கிடப்பது அப்படி ஒரு நாள்கூட மட்கவில்லை.

மட்காத கழிவில் இருக்கிற பெரிய ஆபத்து புழு முட்டை. உருண்டைப் புழுவின் முட்டை ஈரமான மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும். கொக்கிப் புழுவின் குஞ்சு, செருப்பில்லாத காலில் தோலைத் துளைத்துக்கொண்டே உள்ளே போகும். துளைத்த இடத்தில் அரிக்கும். உங்கள் ஆட்களுக்கு வந்திருப்பது அதுவாக இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, டாக்டர் சொன்னால் குடற்புழு மாத்திரை வாங்கிக் கொடுங்கள். கூலி நாள் போகும் என்று அவர்களாகப் போகமாட்டார்கள், நீங்கள்தான் அனுப்ப வேண்டும். இன்னொன்றும் சொல்லவேண்டும். பன்றி நாடாப்புழு உள்ளவரின் மலத்திலிருந்து முட்டை கீரையில் ஒட்டி, அதைப் பச்சையாகத் தின்றவரின் வயிற்றில் பொரிந்து, குஞ்சு மூளைக்குப் போய் வலிப்பை உண்டாக்கலாம். கொத்தமல்லியை நாம் கடைசியில் கிள்ளிப் போட்டு, வேகவைக்காமல் அப்படியே சாப்பிடுகிறோம். அதனால்தான் கீரை, மல்லி விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

சரி, வேலைக்கு வருவோம். குழியில் இருப்பதை மழைக்கு முன் முடித்துவிடுங்கள். குழிக்குள் யாரையும் இறக்காதீர்கள், விஷவாயு ஆளைக் கொன்றுவிடும். மேலிருந்தே காய்ந்த சருகு, ராகித் தாள், தென்னை நார்க்கழிவு என்று கையில் கிடைப்பதைத் தாராளமாகக் கொட்டி ஈரத்தை உறிஞ்சவிடுங்கள். மேலே அரை அடி மண் மூடி, மழைத்தண்ணீர் உள்ளே போகாதபடி சுற்றிலும் கரை கட்டுங்கள். பெங்களூர் முறைக்கு எட்டு மாதம் போதும் என்றாலும், உங்களுடையது அளவில்லாமல் ஊற்றிய கசடு. அதனால் முழுதாக ஒரு வருடம் தொடாதீர்கள். சுண்ணாம்பு போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். நாற்றமும் ஈயும் குறையும், கிருமியும் ஓரளவு சாகும். புழு முட்டை அதற்கெல்லாம் எளிதில் மசியாது. ஒரு வருடம் கழித்தும் அந்த எருவை வாழை, தென்னை, மல்பெரி அடியில் மண்ணோடு மூடிப் போடுங்கள், கீரைக்கு வேண்டாம்.

ஊற்றிய பாத்தியில் இந்த வருடமும் அடுத்த வருடமும் கீரை, முள்ளங்கி, கேரட் எதுவும் வேண்டாம். ராகி போடலாம், கதிர் மண்ணைத் தொடாது. களை எடுப்பவர்களுக்குக் கம்பூட்ஸ், கையுறை நீங்களே வாங்கிக் கொடுங்கள். மாடுகளை அங்கே மேயவிடாதீர்கள். மாட்டின் வழியாகத் திரும்ப மனிதனுக்கு வருகிற நாடாப்புழுவும் ஒன்று இருக்கிறது.

இப்போது காலனிக்காரர்கள். அவர்கள் கேட்பது நியாயம் அம்மா. உங்கள் வயல் மேட்டில், அவர்கள் போர்வெல் பள்ளத்தில். கழிவின் நைட்ரஜன் மண்ணில் நைட்ரேட்டாக மாறித் தண்ணீரோடு கீழே இறங்கும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் கூடாது என்பது இந்தியத் தர அளவு. அந்தத் தண்ணீரில் பால்பொடி கலக்கிக் குடிக்கும் கைக்குழந்தைக்குத்தான் முதலில் கெடுதல் வரும். அவர்கள் போர் தண்ணீரை நைட்ரேட்டுக்கும் மலக் கிருமிக்கும் பரிசோதிக்கக் கொடுங்கள், செலவு உங்களுடையதாக இருக்கட்டும்.

உங்களைக் குற்றவாளியாக்க இதைச் சொல்லவில்லை. 2007இல் 110 கிராமங்களைப் பெங்களூரு மாநகராட்சியோடு சேர்த்தார்கள். வீடுகள் உடனே முளைத்தன, பாதாளச் சாக்கடை பின்னால்தான் வந்தது. எல்லைக்கு வெளியே உங்கள் பக்கமும் அதே கதைதான். அபார்ட்மெண்ட்காரர் லாரிக்குப் பணம் கொடுத்துவிடுகிறார். அந்த லாரி முறையாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போயிருந்தால் ஆகியிருக்கும் டீசலும் கட்டணமும் உங்கள் வயலில் இறங்கியதால் மிச்சம். அதற்கு வைத்த பெயர்தான் ‘இலவச எரு’. உங்கள் வயலில் இறங்கியது அடுத்து கூலிப் பெண்களின் காலுக்கும் காலனியின் குடத்துக்கும் போகிறது. கழிவு உண்டாக்கியவர் வீட்டில் வாசனைகூட வராது. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

முடியாத காரியம் என்றும் இல்லை. தேவனஹள்ளியில் 2015இலேயே மலக்கசடுச் சுத்திகரிப்பு நிலையம் தொடங்கினார்கள், கசடை ஊர்க் குப்பையோடு சேர்த்து மட்கவைத்து உரமாக்க. மத்திய அரசு 2017இல் இதற்கென்றே தேசியக் கொள்கை வெளியிட்டது. சுத்திகரிக்காத கழிவை வயலிலோ ராஜகாலுவை என்கிற பெரிய மழைநீர்க் கால்வாயிலோ திறந்துவிட லாரிக்கு உரிமை கிடையாது. அப்படி ஒரு நிலையத்திலிருந்து, பரிசோதித்த மட்கு உரமாக வந்தால் வாங்குங்கள், அது உங்களுக்கு நல்லது.

ஒரு எச்சரிக்கை. இதெல்லாம் வீட்டுக் கழிவுக்கு மட்டும். பொம்மசந்திரா, ஜிகணி, அத்திபள்ளி பக்கம் தொழிற்சாலைகள் நிறைய. அங்கிருந்து வரும் லாரியில் எது கலந்திருக்கும் என்று கண்ணால் பார்த்துத் தெரியாது, ஈயம், காட்மியம் போன்ற கன உலோகம் மட்கினாலும் போகாது. பெங்களூருக் கழிவு தென்பெண்ணையில் நுரையாகப் பொங்கிக் கெலவரப்பள்ளி அணை வரை போவதை ஓசூர்ப் பக்கத்து உறவுக்காரர்களைக் கேட்டாலே சொல்வார்கள். அந்தப் பாத்தி மண்ணில் அரைக்கிலோ எடுத்து பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகமான ஜி.கே.வி.கே.யிலோ, வேளாண் துறையின் உழவர் மையமான ரைத்த சம்பர்க்க கேந்திரத்திலோ விசாரித்து, கன உலோகத்துக்கும் சேர்த்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

அப்புறம், லாரி எண்ணும் வந்த தேதியும் நினைவிருந்தால் எழுதிவையுங்கள். அடுத்த கிராம சபைக்குக் காலனிப் பெண்களையும் கூட்டிக்கொண்டு போய், லாரிகள் எங்கே கொட்ட வேண்டும் என்று பஞ்சாயத்துத் தீர்மானம் போடச் சொல்லுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஒரு மனு எழுதி, அதில் முதல் கையெழுத்தை நீங்கள் போடுங்கள். நிலத்துக்காரரே கேட்டால் அதற்கு எடை அதிகம், காலனிக்காரர்களும் சண்டையை விட்டு உங்கள் பக்கம் வந்துவிடுவார்கள்.